டெக்சாஸில் கைத்துப்பாக்கி: வாங்குவது முதல் சுழற்சிப் பராமரிப்பு வரை

டெக்சாஸில் கைத்துப்பாக்கி வாங்குவது எளிது என்று எல்லோரும் சொல்வார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கு அது உண்மைதான். கடைக்குள் போனவர் ஒரு மணி நேரத்துக்குள் பெட்டியோடு வெளியே வருகிறார். விசா, கிரீன் கார்டு, எது சொந்தப் பெயர் எது அப்பா பெயர் என்று விளங்காத கடவுச்சீட்டு ஆகியவற்றோடு வந்த நமக்கு அது வேறு கதை. நான் அலைந்து தெரிந்துகொண்டவற்றை இங்கே வரிசையாக எழுதுகிறேன். துப்பாக்கி வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதத்துக்குள் போகப் போவதில்லை. அது வீட்டுக்குள் பேசி முடிக்க வேண்டியது. முடிவான பிறகு இதைப் படியுங்கள். சட்டங்கள் அடிக்கடி மாறுகின்றன. மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். விசாவில் சந்தேகம் இருந்தால் குடிவரவு வழக்கறிஞருக்குக் கட்டணம் கொடுத்துக் கேளுங்கள். அந்தப் பணம் வீணாகாது.

1. முதலில் உங்கள் விசாவைப் பாருங்கள்

எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1, பி-2 என எந்தத் தற்காலிக விசாவில் இருந்தாலும், அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி துப்பாக்கியோ ஒரே ஒரு தோட்டாவோ வைத்திருப்பது குற்றம். சொந்தமாக வாங்கினால்தான் குற்றம் என்று நினைக்காதீர்கள். சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இதில் அடங்கும். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இதற்கு அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டுச் சிறை.

சட்டம் சில விலக்குகள் தருகிறது. நம்மவர்களுக்குப் பயன்படுவது அமெரிக்க மாநிலம் ஒன்றின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம். டெக்சாஸில் மாநிலவாசிக்கு அது 25 டாலர். அது வந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. டெக்சாஸ் வேட்டை உரிமங்கள் எப்போது வாங்கினாலும் ஆகஸ்ட் 31 அன்று முடிந்துவிடும். புதுப்பிக்க மறந்தால் செப்டம்பர் 1 காலையில் உங்கள் அலமாரியில் இருப்பது குற்றப் பொருள். கைபேசியில் ஆகஸ்ட் நடுவிலேயே நினைவூட்டல் வையுங்கள்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவையோ மைத்துனரையோ ஆசைக்குச் சுடுதளத்துக்கு அழைத்துப்போய், கையில் கொடுத்துச் சுடச் சொல்லிப் படம் எடுக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அவர்கள் பி-2 விசாவில் வந்தவர்கள். அந்தப் படமே சாட்சியாகிவிடும். கண்ணாடிக்கு வெளியே உட்கார வைத்துக் காப்பி வாங்கிக் கொடுங்கள்.

கிரீன் கார்டு இருந்தால் வேட்டை உரிமம் தேவையில்லை. குடிமக்களைப் போலவே வாங்கலாம். ஆனாலும் குடிமகனுக்கும் உங்களுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டிக்கப்பட்டால், கிரீன் கார்டு வைத்திருப்பவரை நாடு கடத்த அது ஒன்றே போதும். பக்கத்து வீட்டுக்காரர் அபராதம் கட்டிவிட்டு வரும் இடத்தில் நீங்கள் குடும்பத்தோடு பெட்டி கட்ட வேண்டியிருக்கும். கீழே வரும் எச்சரிக்கைகளை இதை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

2. பெயரும் முகவரியும் ஒன்றாக இருக்கட்டும்

கடையில் நிரப்ப வேண்டியது படிவம் 4473. கைத்துப்பாக்கிக்கு வயது 21 ஆகியிருக்க வேண்டும். வாங்கும் மாநிலத்திலேயே வசிக்கவும் வேண்டும். கொண்டுபோக வேண்டியவை: இப்போதைய முகவரியோடு ஓட்டுநர் உரிமம், கிரீன் கார்டு, தற்காலிக விசாவில் இருப்பவர் என்றால் ஐ-94 எனப்படும் வருகைப் பதிவின் எண்ணும் வேட்டை உரிமமும்.

அடுக்ககம் மாறியவர்கள் இங்கேதான் சிக்குவார்கள். உரிமத்தில் பழைய முகவரி இருந்தால் கடைக்காரர் விற்க மாட்டார். புதிய முகவரி உள்ள வாகனப் பதிவுச் சீட்டு போன்ற இன்னொரு அரசு ஆவணத்தைச் சேர்த்துக் காட்டலாம். மின்கட்டண ரசீது செல்லாது. குடிபெயர்ந்த 30 நாள்களுக்குள் உரிமத்தில் முகவரி மாற்ற வேண்டும் என்பது எப்படியும் மாநிலச் சட்டம். கட்டணம் 11 டாலர்.

பெயர்ச் சிக்கல் இதைவிடப் பெரியது. கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்ததால் ஓர் ஆவணத்தில் முதல் பெயரே இல்லை என்றும், இன்னொன்றில் அப்பா பெயர் கடைசிப் பெயராகவும் அச்சாகியிருக்கும். படிவத்தில் ஓட்டுநர் உரிமத்தில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள். கடைக்காரர் அதை எஃப்.பி.ஐ.யின் பின்னணிச் சோதனைக்கு அனுப்புவார். விடை மூன்றில் ஒன்றாக வரும்: அனுமதி, தாமதம், மறுப்பு. எனக்கு வந்தது தாமதம். மூன்று வேலை நாள்கள் கழிந்தும் பதில் வராவிட்டால் கடைக்காரர் சட்டப்படி கொடுக்கலாம். கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. என் கடைக்காரர் கொடுக்கவில்லை. கோபப்பட்டுப் பயனில்லை, அது அவர் உரிமை.

ஒவ்வொரு முறையும் இப்படித் தாமதமானால் எஃப்.பி.ஐ.யிடம் தன்விருப்ப மேல்முறையீட்டுக் கோப்பு என்ற ஏற்பாட்டுக்கு விண்ணப்பியுங்கள். கைரேகையோடு அனுப்ப வேண்டும். ஏற்றுக்கொண்டால் தனி அடையாள எண் ஒன்று தருவார்கள். படிவம் 4473இல் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. அது வந்தபின் எனக்குச் சோதனை நிமிடக் கணக்கில் முடிகிறது. வர மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் முதல் தாமதத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

படிவத்தில் இரண்டு கேள்விகளை நிதானமாகப் படியுங்கள். உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்பது முதலாவது. விசாவில் இருக்கும் நண்பர் பணம் கொடுத்து உங்கள் பெயரில் வாங்கச் சொன்னால் அது பினாமி வாங்கல், அதற்கும் 15 ஆண்டு வரை சிறை உண்டு. இரண்டாவது கஞ்சா பற்றியது. பக்கத்து மாநிலத்தில் சட்டப்படி கடையில் விற்கிறார்களே என்ற வாதம் கூட்டாட்சிச் சட்டத்தின் முன் நிற்காது.

3. மொத்தச் செலவைக் கணக்கிடுங்கள்

க்ளாக் 19, சிக் பி365, ஸ்மித் அண்ட் வெசன் ஷீல்டு பிளஸ் போன்ற பரவலான 9 மி.மீ. வகைகள் ஏறக்குறைய 450 முதல் 600 டாலர். விற்பனை வரி உங்கள் ஊரைப் பொறுத்து 8.25 சதவீதம் வரை போகும். அதோடு கணக்கு முடிவதில்லை. விசைப்பகுதியை முழுவதும் மூடும் கைடெக்ஸ் (கடினமான பிளாஸ்டிக்) உறை 60 முதல் 90 டாலர், தளராத இடுப்புப் பட்டை ஐம்பது, சிறிய பெட்டகம் நூறு முதல் இருநூறு, காது மற்றும் கண் பாதுகாப்பு ஐம்பது, துப்புரவுப் பொருள்கள் முப்பது, முதல் 500 பயிற்சித் தோட்டாக்கள் 130 டாலரை ஒட்டி வரும். ஆயிரம் டாலர் எடுத்துவைக்காமல் தொடங்காதீர்கள். கையில் பணம் குறைவு என்றால் துப்பாக்கியில் சிக்கனம் பிடியுங்கள், உறையில் வேண்டாம். பத்து டாலர் துணி உறைக்குள் சட்டை நுனி சிக்கி விசையை இழுத்தால் போவது உங்கள் தொடை.

4. உரிமம் இல்லாமலும் எடுத்துச்செல்லலாம், ஆனாலும் உரிமம் எடுங்கள்

2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் தகுதியுள்ளவர்கள் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை எடுத்துச்செல்லலாம். அப்படியானால் எல்டிசி எனப்படும் உரிமம் எதற்கு? என்னைப் பொறுத்தவரை ஒரு காரணமே போதும். கூட்டாட்சிச் சட்டம் பள்ளி எல்லையிலிருந்து ஆயிரம் அடிக்குள் துப்பாக்கியோடு போவதைத் தடுக்கிறது. மாநில உரிமம் உள்ளவருக்கு அதில் விலக்கு உண்டு. உரிமமில்லாமல் எடுத்துச்செல்பவருக்கு இல்லை. நம்மவர்கள் வீடு பார்ப்பதே நல்ல பள்ளிக்குப் பக்கத்தில்தான். காலையில் வண்டியை எடுத்தால் அந்த ஆயிரம் அடியைத் தொடாமல் எந்தச் சாலையில் போவீர்கள்? இதைத் தவிர, பல மாநிலங்கள் டெக்சாஸ் உரிமத்தை ஏற்கின்றன. அடுத்த துப்பாக்கி வாங்கும்போது எஃப்.பி.ஐ. சோதனைக்குக் காத்திருக்க வேண்டியதும் இல்லை.

இணையத்தில் விண்ணப்பித்து 40 டாலர் கட்டுங்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் வசித்த முகவரிகளும் வேலை பார்த்த இடங்களும் கேட்பார்கள், அவற்றை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கைரேகைக்கு நேரம் பதிவு செய்து போக வேண்டும். ஏறக்குறைய பத்து டாலர். வகுப்பு 4 முதல் 6 மணி நேரம். இணையத்திலும் படிக்கலாம், சுடும் தேர்வை மட்டும் பயிற்றுநர் முன்னிலையில் நேரில் முடிக்க வேண்டும். தேர்வில் 50 தோட்டாக்கள். 3, 7, 15 கஜத் தொலைவு. 250க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. கடினமே இல்லை. முறையான விண்ணப்பத்தைப் பரிசீலிக்கத் துறைக்கு 60 நாள் அவகாசம் உண்டு. வரி பாக்கியோ குழந்தைப் பராமரிப்புத் தொகை பாக்கியோ இருந்தால் விண்ணப்பம் நிற்கும். முதல் உரிமம் நான்காண்டு கழித்து வரும் பிறந்தநாளோடு முடியும், புதுப்பித்தால் ஐந்தாண்டு.

போலீஸ் வண்டியை நிறுத்தி அடையாளம் கேட்டால், துப்பாக்கி உடலிலோ அருகிலோ இருக்கும்போது ஓட்டுநர் உரிமத்தோடு எல்டிசி அட்டையையும் சேர்த்துக் கொடுங்கள். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. இரண்டு கையும் ஸ்டியரிங் மேல் இருக்கட்டும். எங்கே இருக்கிறது என்று வாயால் சொல்லுங்கள், தொட்டுக் காட்ட வேண்டாம்.

5. கதவில் ஒட்டியிருப்பதைப் படியுங்கள்

ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கும் அறிவிப்புகளில் எண்கள் இருக்கும். 30.05 என்றால் உரிமமில்லாதவர் துப்பாக்கியோடு வரக் கூடாது. 30.06 என்றால் உரிமம் உள்ளவரும் மறைத்துக் கொண்டுவரக் கூடாது. 30.07 என்றால் வெளியே தெரியக் கொண்டுவரக் கூடாது. சிவப்பு நிறத்தில் 51% என்று இருந்தால் அது பெரும்பாலும் மது விற்ற வருமானத்தில் ஓடும் இடம். உரிமம் இருந்தாலும் உள்ளே போகாதீர்கள். பள்ளி, நீதிமன்றம், வாக்குச்சாவடி, விமான நிலையத்தின் சோதனைக்கு அப்பாலுள்ள பகுதி ஆகியவை பொதுவாகத் தடைசெய்யப்பட்டவை. கூட்டாட்சி அலுவலகங்களும் அப்படித்தான். குடியுரிமை நேர்காணலுக்கும் சமூகப் பாதுகாப்பு எண் வேலைக்கும் போகிற நாளில் துப்பாக்கியை வீட்டிலேயே பூட்டிவிட்டுப் போங்கள்.

6. எதைச் சுழற்சியில் விடுவது

முதல் துப்பாக்கி வாங்கிய சூட்டில் இரண்டாவது, மூன்றாவது என்று வாங்கி, கிழமைக்கு ஒரு சட்டை போடுவதைப் போல மாற்றி மாற்றி அணிபவர்களைப் பார்க்கிறேன். திங்கள்கிழமை கட்டைவிரல் பூட்டு உள்ள 1911 வகைத் துப்பாக்கி, செவ்வாய்க்கிழமை பூட்டே இல்லாத க்ளாக். பதற்றத்தில் கை எதைத் தேடும்? பழகிய இடத்தைத் தேடும். அங்கே பூட்டு இல்லை, அல்லது இருந்தும் விடுவிக்க மறந்துபோகிறது. தினமும் எடுத்துச்செல்லும் துப்பாக்கி ஒரே வகையாக இருக்கட்டும். மாற்ற வேண்டியவை மேகசினும் (தோட்டாக்களை அடுக்கிக் கைப்பிடிக்குள் செருகும் பகுதி) தோட்டாவும் ஸ்பிரிங்கும்தான்.

வசதி இருந்தால் ஒரே வகையில் இரண்டு வாங்குங்கள். ஒன்று இடுப்புக்கு, மற்றொன்று சுடுதளத்துக்கு. ஆயிரக்கணக்கான தோட்டாக்களின் தேய்மானம் பயிற்சித் துப்பாக்கியோடு போகட்டும். இடுப்புத் துப்பாக்கியை மாதம் ஒருமுறை கொண்டுபோய் ஒரு மேகசின் சுட்டுப் பார்த்துச் சுத்தம் செய்து வைத்தால் போதும். ஒரே கடையில் ஐந்து வேலை நாள்களுக்குள் இரண்டு கைத்துப்பாக்கிகள் வாங்கினால் கடைக்காரர் கூட்டாட்சி முகமைக்கு அறிக்கை அனுப்புவார். அது வழக்கமான நடைமுறை, பயப்பட ஒன்றுமில்லை.

மேகசின்களுக்கு வண்ணப் பேனாவால் எண் இடுங்கள். ஒன்றும் இரண்டும் இடுப்புக்கு; மூன்றும் நான்கும் பயிற்சிக்கு. தரையில் விழுந்து மணலும் பொடியும் தின்பவை பயிற்சி மேகசின்கள்தாம். தோட்டா சிக்கும்போது எண்ணைக் குறித்துக்கொண்டால், தவறு துப்பாக்கியிலா மேகசினிலா என்பது இரண்டாம் முறையே தெரிந்துவிடும். நிரப்பியே வைத்திருந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிடும் என்று பலர் வாரம் ஒருமுறை காலி செய்கிறார்கள். ஸ்பிரிங்கைத் தேய்ப்பது பெரும்பாலும் திரும்பத் திரும்ப அமுக்கி விரிப்பதுதான். சும்மா இருக்க விடுங்கள்.

தோட்டாவில்தான் கவனம் அதிகம் வேண்டும். பயிற்சிக்கு 115 அல்லது 124 கிரெயின் எடையுள்ள, முழு உலோக உறை போட்ட குண்டு. தோட்டா ஒன்று ஏறக்குறைய 25 சென்ட். இடுப்புக்குக் குழிமுனைத் தோட்டா. ஒன்று ஒரு டாலரை ஒட்டி வரும். விலை அதிகம் என்பதால் அதே தோட்டாவை இரவில் வெளியே எடுத்து, காலையில் மீண்டும் துப்பாக்கியின் அறைக்குள், அதாவது சுடும் தோட்டா நிற்கும் இடத்துக்குள், ஏற்றுவார்கள். ஒவ்வொரு முறை ஏறும்போதும் முனையில் உள்ள குண்டு கூட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும். உள்ளே இடம் குறையக் குறைய, சுடும்போது அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். வெளியே எடுத்த தோட்டாவைப் புதிய தோட்டாவுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்து உயரம் பாருங்கள். குட்டையாகத் தெரிந்தால் சுடவும் வேண்டாம். சுடுதளத்தில் கழிவுத் தோட்டாவுக்கென்று வைத்திருக்கும் பெட்டியில் போடுங்கள். இரவில் துப்பாக்கியை உறையோடு கழற்றி அப்படியே பெட்டகத்தில் வைப்பது நல்ல வழி. தோட்டாவும் அமுங்காது, விசைப்பக்கம் விரலும் போகாது. ஆண்டுக்கு ஒருமுறை இடுப்புத் தோட்டாக்களை எல்லாம் சுடுதளத்தில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதுப் பெட்டி திறக்கிறேன். தீபாவளியை ஒட்டி வைத்துக்கொண்டால் மறக்காது.

ரீகாயில் ஸ்பிரிங், அதாவது சுட்டதும் பின்னால் போகும் ஸ்லைடை (துப்பாக்கியின் நகரும் மேல்பகுதி) முன்னுக்குத் தள்ளுவது, சிறிய துப்பாக்கிகளில் சீக்கிரம் தளரும். எத்தனை தோட்டாவுக்கு ஒருமுறை மாற்றுவது என்பது கையேட்டில் இருக்கும். பொதுவாகச் சில ஆயிரங்கள். விலை பெரும்பாலும் முப்பது டாலருக்குள். எத்தனை சுட்டோம் என்பதை நினைவில் வைக்க முடியாது, ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, துப்பாக்கி, தோட்டா எண்ணிக்கை, சிக்கிய மேகசின் எண் ஆகியவற்றை எழுதுங்கள். அதே நோட்டின் முதல் பக்கத்தில் வரிசை எண்ணையும் எழுதி, படமும் எடுத்து வையுங்கள். திருட்டுப் போனால் போலீஸ் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

7. சுத்தம் செய்யும் முறை

தோட்டாக்களை வீட்டின் வேறு அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள். முதலில் மேகசினைக் கழற்றுங்கள். பிறகு ஸ்லைடை முழுவதும் பின்னால் இழுங்கள், இரண்டு மூன்று முறை. திறந்த நிலையில் பூட்டி, துப்பாக்கியின் அறைக்குள் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலால் தொட்டும் பாருங்கள். வரிசை மாறக் கூடாது. மேகசின் உள்ளே இருக்கும்போதே ஸ்லைடை இழுத்தால் ஒரு தோட்டா வெளியே விழும். அடுத்தது அறைக்குள் ஏறியிருக்கும். வெளியே விழுந்ததைப் பார்த்துக் காலி என்று நம்பியவர்கள்தான் சுவரில் ஓட்டை போடுகிறார்கள். க்ளாக்கைப் பிரிக்க விசையை அழுத்தியே ஆக வேண்டும் என்பதால் அதற்கு இந்தச் சோதனை இரட்டிப்பு அவசியம்.

பிரித்த பிறகு பித்தளைத் தூரிகையில் கரைப்பானை நனைத்து, குழலின் பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் தள்ளுங்கள். துணித் துண்டு ஏறக்குறைய வெள்ளையாக வரும்வரை துடையுங்கள். பளபளப்பு வரவேண்டியதில்லை. எண்ணெய் சொட்டுக் கணக்கில்தான்: ஸ்லைடு ஓடும் தடங்கள், குழலின் மேற்புறம், கையேடு காட்டும் இன்னும் ஓரிரு இடங்கள். நம் வீட்டுத் தையல் இயந்திரப் பழக்கத்தில் கண்ட இடமெல்லாம் விடாதீர்கள். தோட்டாவை அடிக்கும் ஊசி ஓடும் துளைக்குள்ளும் மேகசினுக்குள்ளும் எண்ணெய் போகவே கூடாது. அங்கே அழுக்கு ஒட்டும். எண்ணெய் தோட்டாவின் பிரைமருக்குள் (அடியில் பற்றவைக்கும் பகுதி) இறங்கினால் அது வெடிக்காமலும் போகலாம்.

இடுப்புத் துப்பாக்கிக்குச் சுடுவதைவிட வியர்வையும் பஞ்சும்தான் எதிரி. ஹூஸ்டன் கோடையில் இரண்டு வாரத்தில் ஸ்க்ரூ தலைகளில் துரு எட்டிப்பார்க்கும். வாரம் ஒருமுறை எண்ணெய் தடவிய துணியால் வெளிப்புறம் துடையுங்கள். மாதச் சுத்தத்தின்போது குழலுக்குள் சட்டைப் பஞ்சு இருக்கிறதா என்று பாருங்கள்.

8. சுடுதளத்தில்

சுடும் இடத்துக்கான கட்டணம் மணிக்கு 15 முதல் 30 டாலர். அடிக்கடி போகிறவர் என்றால் உறுப்பினராவது மலிவு. உள்ளரங்கில் காதுச் செருகியின் மேல் காதுக்கவசம் என்று இரண்டடுக்கு போடுங்கள். முழுக்கைச் சட்டையும் கழுத்து மூடிய உடுப்பும் நல்லது. சூடான வெற்றுக் கூடு காலருக்குள் விழுந்தால் ஆடும் ஆட்டத்தில் துப்பாக்கி எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. காந்தம் ஒட்டும் குண்டைப் பல உள்ளரங்குகள் அனுமதிப்பதில்லை, வாங்கும் முன் கேளுங்கள். நிறுத்து என்ற கட்டளை கேட்டால் அந்தக் கணமே விரலை எடுத்து, துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் நகருங்கள்.

பிரைமர் புகையில் ஈயம் இருக்கிறது. முடிந்ததும் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டு கை, முகம் கழுவுங்கள். அதுவரை தண்ணீர் பாட்டிலைக்கூடத் தொட வேண்டாம். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் உடை மாற்றிய பிறகே தூக்குங்கள், அந்த உடையைத் தனியாகத் துவையுங்கள்.

9. வீட்டில்

17 வயதுக்குக் குறைந்தவர் கைக்கு எட்டும்படி, சுடத் தயாராக உள்ள துப்பாக்கியை அலட்சியமாக விட்டுவைத்து, அது அவர் கைக்குப் போனால் டெக்சாஸில் குற்றம். அலமாரியின் உச்சி, அரிசி வாளிக்குப் பின்னால் போன்றவை மறைவிடங்கள் அல்ல. பிள்ளைகள் தீபாவளிப் பலகாரத்தையே கண்டுபிடித்துவிடுகிறார்கள். பெட்டகம் வாங்கிச் சுவரிலோ கட்டிலிலோ போல்ட் போட்டு இறுக்குங்கள். வீட்டில் தங்கியிருக்கும் யாரேனும் தற்காலிக விசாவில் இருந்தால் சாவியோ எண்ணோ அவர்களிடம் இருக்கக் கூடாது. வீட்டில் யாராவது மனச்சோர்வில் தவிக்கும் காலத்தில் துப்பாக்கியை வீட்டை விட்டே வெளியேற்றுங்கள். சில கடைகளும் சுடுதளங்களும் வாங்கி வைத்துக்கொள்கின்றன. கூச்சப்பட்டுத் தள்ளிப்போடாதீர்கள்.

10. ஊருக்குப் போகும்போது

அமெரிக்காவுக்குள் விமானத்தில் கொண்டுபோகலாம்: தோட்டா நீக்கி, பூட்டிய கடினப் பெட்டியில் வைத்து, கவுன்டரில் அறிவித்து, சரக்குப் பெட்டியோடு அனுப்ப வேண்டும். இந்தியாவுக்குக் கொண்டுபோவதை யோசிக்கவே வேண்டாம்.

துப்பாக்கியைத்தான் விட்டுவிட்டோமே என்று நினைப்பவர்களை மாட்டிவிடுவது பை. சுடுதளத்துக்குத் தூக்கிப்போன அதே முதுகுப் பையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு சென்னைக்குப் போவார்கள். பக்க ஜிப்புக்குள் ஒரு 9 மி.மீ. தோட்டா உருண்டு கிடக்கும். இங்கே சோதனையில் தப்பிவிட்டாலும், திரும்பும்போது இந்திய விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்தால் ஆயுதச் சட்டப்படி வழக்கு. உரிமமில்லாமல் ஒற்றைத் தோட்டா வைத்திருந்தாலும் வழக்குதான். தெரியாமல் இருந்தது என்று காட்டி உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்ய வைத்தவர்கள் உண்டு. ஆனால் அதற்குள் விமானமும் விடுமுறையும் போய்விடும். சுடுதளத்துக்கென்று கண்ணைப் பறிக்கும் நிறத்தில் தனிப் பை ஒன்று வாங்குங்கள், முப்பது டாலருக்குள் கிடைக்கும். அதில் வேறு எதையும் வைக்காதீர்கள், வேறு எந்தப் பையிலும் தோட்டாவை வைக்காதீர்கள்.